உள்சுவர்ப் பலகை வேலை: நாமே செய்வதா, பாஸைக் கூப்பிடுவதா?

பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ வாரக்கணக்கில் தங்கிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழை மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகளைப் பெயர்த்துத் தள்ளியது. எல்கடுவ போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் கூரையும் வெளிச்சுவரும் தப்பி நின்றாலும், காம்பராவை இரண்டாகப் பிரித்திருந்த பலகைத் தடுப்போ மட்டைத் தடுப்போ ஈரத்தில் ஊறிக் கெட்டிருக்கும். வயதுக்கு வந்த மகள் உடை மாற்ற ஒரு மறைவு வேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்த மகனுக்கு ஒரு மூலை வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு விளக்கு எரியவிட ஓர் இடம் வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் திரும்பியதும் முதலில் கேட்பது, “உள்ளுக்கு ஒரு சுவர் அடிக்க எவ்வளவு ஆகும்?” என்பதுதான்.

இப்போது மாத்தளை, வத்தேகம கடைகளில் ஜிப்சம் பலகையும் தகரச் சட்டமும் வாங்கலாம். “லேசான வேலைதான், நீங்களே அடிக்கலாம்” என்று ஒருவர் சொல்வார். “பாஸ் இல்லாமல் தொடாதீர்கள்” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே பாதி உண்மை. எந்தப் பகுதியை நாமே செய்யலாம், எதற்குக் கட்டாயம் தொழில் தெரிந்தவர் வேண்டும், பாஸைப் பிடித்தால் காசு வீணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

பலகை வாங்குவதற்கு முன்: மூன்று விடயங்கள்

1. நிலம். வீடு நிற்கும் நிலம் பாதுகாப்பானது என்று உறுதியாகும்வரை உள்சுவருக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் லயனைப் பார்வையிட்டதா, என்ன முடிவு சொன்னது என்பதை கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாய்ச்சொல்லோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று கிளம்பும் கலங்கிய ஊற்று, இறுகித் திறக்க முடியாமல் போகும் கதவு ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

2. அனுமதி. லயன் வீட்டின் உரிமை பெரும்பாலும் தோட்டத்திடமே இருக்கிறது. தடுப்புச் சுவர் வைப்பதாக ஒரு சிறு கடிதம் எழுதித் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு வீடு கிடைத்தால் கழற்றி எடுத்துச் செல்ல முடிந்த தடுப்பு என்றால், அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அடுத்த காம்பராவுடன் பொதுவாக உள்ள சுவரில் துளை போடுவதாக இருந்தால் அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

3. ஈரம். கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய லயன் சுவர் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பல மாதங்களுக்கு ஈரமாக இருக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை, நாலு பக்கமும் ஒட்டு நாடாவால் சுவரில் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அந்தச் சுவரோடு பலகையை ஒட்டினால் பலகையின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கெடுதல். கதவையும் சன்னலையும் திறந்து விட்டுக் காத்திருப்பதற்குச் செலவு இல்லை.

ஜிப்சம் பலகை: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஜிப்சம் என்பது ஒரு வகைச் சுண்ணக் கனிமம். அதைக் களியாக்கி, இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஊற்றிக் காயவைத்ததுதான் இந்தப் பலகை. ஒரு பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் இருக்கும். சுவருக்குப் பாவிப்பது பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ளது. அதன் எடை ஏறக்குறைய 25 கிலோ. தகரச் சனலால் ஒரு சட்டம் நிறுத்தி, அதன் இரு புறமும் பலகையைத் திருகாணியால் பூட்டி, மூட்டுகளை நாடாவாலும் பூச்சாலும் மூடினால் சுவர் தயார். மணலும் சிமெந்தும் தண்ணீரும் சுமக்கத் தேவையில்லை. எடை குறைவு என்பதால் இதற்கென்று புது அத்திவாரமும் தேவையில்லை.

இதன் பலவீனம் தண்ணீர். எல்கடுவ மழையும் பனிமூட்டமும் உள்ள இடம். சாதாரண ஜிப்சம் பலகை ஈரத்தை உறிஞ்சி, மெத்தென்று ஆகி, காகிதம் உரிந்து போகும். வெள்ளத்தில் நனைந்த பலகை காய்ந்த பிறகும் பழைய பலத்துக்கு வராது. ஆகவே:

– குளிக்கும் இடம், பாத்திரம் கழுவும் இடம், மழைச் சாரல் அடிக்கும் இஸ்தோப்பு ஆகியவற்றுக்கு ஜிப்சம் பலகை வேண்டாம். அங்கே அஸ்பெஸ்டஸ் கலக்காத சிமெந்துப் பலகையையோ கல்சுவரையோ பாவியுங்கள்.
– உட்புறத்துக்கும் ஈரம் தாங்கும் வகையைக் கேளுங்கள். அதன் காகிதம் பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அது ஈரக்காற்றைத் தாங்குமே தவிர, தேங்கிய தண்ணீரைத் தாங்காது.
– விறகு அடுப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். ஜிப்சத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு நீர் கட்டுண்டு இருப்பதால் அது தீயைச் சிறிது நேரம் தடுக்கும். ஆனால் நாளாந்தம் அடுப்புச் சூடு பட்டால் அந்த நீர் வெளியேறி, பலகை பொடியாக உதிரும்.
– கூரையையோ உத்தரத்தையோ இந்தச் சுவர் தாங்காது. இது தடுப்பு மட்டும்தான்.

“நாமே” என்றால் என்ன?

இந்த நாட்டில் வீடு இழந்த குடும்பங்கள் தம் வீட்டைத் தாமே கட்டுவித்த பெரிய அனுபவம் இருக்கிறது. 2012 இல் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 550,000 ரூபா நேரடியாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மொத்தமாக அல்ல, வேலை நகர நகர, கட்டம் கட்டமாக. பின்னர் அதே திட்டம் மலையகத் தோட்டங்களுக்கும் 4,000 வீடுகளுடன் வந்தபோது தொகை 950,000 ரூபாவாக இருந்தது.

அந்தத் திட்டத்தில் குடும்பங்கள் எல்லா வேலையையும் தம் கையால் செய்யவில்லை. மேசனையும் தச்சரையும் அவர்களே தெரிவு செய்தார்கள், பொருளை அவர்களே வாங்கினார்கள், மண் சுமப்பது, கல் அரிவது, தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றைத் தாங்கள் செய்தார்கள். வேலை சரியா என்று பார்த்த பிறகே அடுத்த பணம் கொடுத்தார்கள். தாமே முன்னின்று செய்ய முடியாத முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் அமைப்புகள் கட்டிக்கொடுத்தன. ஆசைப்பட்டு வீட்டைப் பெரிதாக்கியவர்களும் பொருளின் விலையேற்றத்தில் சிக்கியவர்களும் கடன்பட்டதும் உண்டு.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: “நாமே செய்வது” என்பது எல்லா ஆணியையும் நாமே அடிப்பது அல்ல. பணமும் பொருளும் மேற்பார்வையும் நம் கையில் இருப்பது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதை யார் செய்வது என்று முடிவெடுங்கள்.

பிரிப்பது எப்படி? ஒரே ஒரு கேள்வி

ஒவ்வொரு துண்டு வேலைக்கும் இதைக் கேளுங்கள்: “இது பிழைத்தால் என்ன நடக்கும்?”

பிழைத்தால் பார்க்க அழகில்லாமல் போகும், அல்லது ஒரு பலகை வீணாகும் என்றால் நாமே செய்து பார்க்கலாம். பிழைத்தால் ஆளின் தலையில் விழும், மின்சாரம் தாக்கும், கூரை இறங்கும் என்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். காசு குறைவு என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காசு போதாவிட்டால் அந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள். அதுவரை சீலையோ தட்டியோ கட்டி மறைத்துக்கொள்ளலாம்.

தொழில் தெரிந்தவர் கட்டாயம் தேவைப்படும் வேலைகள்:

– மின்சாரம். தகரச் சட்டத்தில் தோல் உரிந்த ஒரு கம்பி பட்டால் சுவரின் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறும். சுவரைத் தொடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. வெள்ளமோ கசிவோ பட்ட வயரிங்கைத் தகைமையுள்ள மின்னியலாளர் பார்த்த பிறகே சுவரை மூடுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாமல், 1987 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

– சீலிங். பழைய லயனின் கைமரமும் சலாகையும் கறையான் அரித்தோ உளுத்தோ இருக்கலாம். அதில் 25 கிலோப் பலகைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் ஓர் இரவில் எல்லாம் சேர்ந்து தூங்குகிறவர்கள் மேல் இறங்கும்.

– அஸ்பெஸ்டஸ் கூரையோடு சேர்ந்த எந்த வேலையும். அஸ்பெஸ்டஸ் தூசு பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். வெள்ளை வகையும் அப்படித்தான். அந்தச் சீட்டில் துளை போடவோ, வாளால் அறுக்கவோ, உடைக்கவோ வேண்டாம். உடைந்து கிடக்கும் துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, இரட்டைப் பொலித்தீனில் கட்டி வையுங்கள். விளக்குமாறு போட்டு உலர்வாகக் கூட்டாதீர்கள்.

– இருக்கிற சுவரை உடைப்பது. காம்பராக்களுக்கு இடையில் உள்ள சுவர்தான் பல லயன்களில் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. வாசல் போட அதை வெட்டினால் அடுத்த வீட்டுக் கூரையும் சேர்ந்து இறங்கலாம்.

– சட்டத்தை நிறுத்துவது. சட்டம் தூக்குக்குண்டுக்கு நேராகவும் நிலத்திலும் பக்கச் சுவரிலும் இறுக்கமாகவும் நின்றால் மீதி வேலை எல்லாம் சுலபம். லயன் காம்பராவில் மேலே பிடிக்கத் தளம் இருக்காது. இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு மரச்சட்டம் பூட்ட வேண்டிவரும். கருங்கல் சுவரில் அதை உறுதியாகப் பூட்டுவதற்குப் பழக்கம் தேவை. உங்கள் வீட்டில் மேசன் வேலையோ தச்சு வேலையோ பழகியவர் இருந்தால் அவரே செய்யலாம்.

நாமே செய்யக்கூடியவை: பழைய தடுப்பைக் கழற்றுவது, இடத்தைத் துப்புரவாக்குவது, பலகை சுமப்பது, சட்டத்தில் பலகை பூட்டுவது, மூட்டுப் பூச்சு, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது. ஆட்கூலியில் பெரிய பங்கு இவற்றுக்கே போகிறது.

கணக்குப் பார்ப்போம்

10 அடி நீளம், 8 அடி உயரத் தடுப்பை எடுத்துக்கொள்வோம். தேவையானவை:

– பலகை 5. ஒரு புறத்தில் இரண்டு முழுப்பலகையும் ஒரு அரைப்பலகையும் வரும். மறு புறத்திலும் அப்படியே. ஒரு பலகையை நெடுக்காக இரண்டாக வெட்டினால் இரு புறத்துக்குமான அரைப்பலகை கிடைத்துவிடும்.
– நிலைக்குத்துச் சனல் 6, 2 அடிக்கு ஒன்றாக. கதவு வைத்தால் அதன் இரு பக்கத்துக்கும் மேலும் 2.
– மேலும் கீழும் படுக்கைச் சனல், மொத்தம் 20 அடி.
– 25 மில்லிமீற்றர் திருகாணி, ஏறக்குறைய 200.
– மூட்டு நாடா 40 அடி, மூட்டுப் பூச்சு ஒரு வாளி.

கடையில் விலை கேட்கும்போது இந்தப் பட்டியலையே கொடுத்து, குறைந்தது இரண்டு கடையில் எழுதி வாங்குங்கள். லொறிக் கூலியையும் கேளுங்கள். 8 அடிப் பலகை முச்சக்கர வண்டியில் வராது. ஒரே லயனில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் லொறிக் கூலி பங்காகும். விலையும் பேசிக் குறைக்கலாம்.

இனிக் கூலி. பாஸ் செய்தால் அவரது நாட்கூலி, உதவியாளின் கூலி, தேநீர், சாப்பாடு ஆகியவற்றை நாட்களால் பெருக்குங்கள். நாமே செய்தால் செலவு இல்லை என்று நினைப்பது பிழை. இரண்டு பேர் நான்கு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் எட்டுப் பேர் போய்விடும். அந்தத் தொகையைக் கணக்கில் சேருங்கள். ட்ரில் வாடகையையும், புதிதாகப் பழகுவதால் வீணாகும் ஒரு பலகையின் விலையையும் சேருங்கள். ஞாயிறுகளில் செய்தால் பேர் போகாது. ஆனால் வேலை மூன்று ஞாயிறு இழுக்கும். அதுவரை பலகையை நனையாமல் வைக்க இடம் இருக்கிறதா?

இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் சிறிது என்றால் பாஸிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதே இலாபம். பல குடும்பங்களுக்கு நடுவழி பொருந்தும்: சட்டத்தைப் பாஸ் ஒரு நாளில் நிறுத்துவார், மின்னியலாளர் வயரைப் பார்ப்பார், மீதியை வீட்டார் ஓய்வு நாட்களில் முடிப்பார்கள்.

நாமே பலகை பூட்டும்போது

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். நிலத்தில் சலாகை வைத்து, அதன்மேல் படுக்கையாக அடுக்கி, பொலித்தீனால் மூடுங்கள். தூக்கும்போது இருவர் சேர்ந்து, செங்குத்தாகப் பிடித்துத் தூக்குங்கள்.

வெட்டுவதற்கு வாள் தேவையில்லை. நேர்ச்சட்டம் வைத்துக் கூரான கத்தியால் முன்பக்கக் காகிதத்தைக் கீறி, பின்னால் மடக்கினால் முறியும். பிறகு பின்பக்கக் காகிதத்தை அறுங்கள்.

பலகையின் அடி நிலத்தைத் தொடக்கூடாது. அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். வீடு கழுவும் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பலகைக்குள் ஏறாமல் இருக்க இதுதான் வழி. இடைவெளியைப் பின்பு மரப்பட்டியால் மறைக்கலாம்.

ஒரு புறம் முழுப்பலகையில் தொடங்கினால் மறு புறம் அரைப்பலகையில் தொடங்குங்கள். இரு புற மூட்டும் ஒரே சனலில் வராமல் இருந்தால் சுவர் உறுதியாக நிற்கும்.

திருகாணியை 8 முதல் 12 அங்குலத்துக்கு ஒன்றாகப் பூட்டுங்கள். அதன் தலை காகிதத்தைச் சற்றே அமுக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. கிழிந்தால் அந்தத் திருகாணிக்குப் பிடி இல்லை. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று பூட்டுங்கள்.

சாமிப்படத் தட்டு, தொலைக்காட்சி, புத்தகத் தட்டு எங்கே வரும் என்று முதலிலேயே தீர்மானித்து, அந்த இடத்தில் இரண்டு சனலுக்கு நடுவே ஒரு மரப்பலகையைப் பூட்டி வையுங்கள். வெறும் ஜிப்சத்தில் அடித்த ஆணி பாரத்தைத் தாங்காது.

மூட்டுப் பூச்சு மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் காய ஒரு நாளாவது தேவை. பனிமூட்ட நாட்களில் இரண்டு நாளும் ஆகும். காயாமல் பூசினால் பின்பு வெடிக்கும். தேய்க்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரப் பஞ்சால் தேய்த்தால் தூசு பறக்காது. முகக்கவசம் அணியுங்கள். அந்த நேரம் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

முதல் மூட்டை, கட்டிலோ அலுமாரியோ மறைக்கும் மூலையில் பூசிப் பழகுங்கள். வாசலுக்கு எதிரே உள்ள மூட்டைக் கடைசியில் செய்யுங்கள்.

பாஸைப் பிடிக்கும்போது

அனர்த்தத்துக்குப் பிறகு வேலை தெரிந்தவருக்குக் கிராக்கி கூடும். வேலை தெரியாதவரும் பாஸ் என்று சொல்லிக்கொண்டு வருவார். முற்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போகிறவரும் இருப்பார். அவசரப்பட வேண்டாம்.

கல்லுச் சுவர் கட்டும் நல்ல மேசனுக்குப் பலகை வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. முன்பு செய்த ஒரு பலகைச் சுவரைக் காட்டச் சொல்லி, போய்ப் பாருங்கள். தட்டிப் பாருங்கள், மூட்டு தெரிகிறதா என்று பாருங்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாதவரிலும் கெட்டிக்காரர் உண்டு. மின்சார வேலைக்கு மட்டும் தகைமையைக் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். நாட்கூலியா, ஒப்பந்தமா என்று முதலிலேயே பேசுங்கள். நாட்கூலி என்றால் வேலை இழுபடலாம். ஒப்பந்தம் என்றால் அவசரமாக முடிக்கப் பார்ப்பார்கள். சிறு தடுப்புச் சுவருக்கு ஒப்பந்தமே கணக்குப் பார்க்க இலகு.

பொருளை நீங்களே வாங்குங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உதவித்தொகைக்குக் கணக்குக் காட்டவும் அது வேண்டும். கூலியை நான்காகப் பிரித்துக் கொடுங்கள்: சட்டம் நின்று, நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, இரு புறமும் பலகை பூட்டிய பிறகு ஒரு பங்கு, பூச்சு முடிந்த பிறகு ஒரு பங்கு, கடைசியாகப் பத்தில் ஒரு பங்கை இரண்டு வாரம் கழித்து, வெடிப்பு இல்லை என்று கண்டபின் கொடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர் வழிச்செலவுக்குச் சிறு முற்பணம் கேட்டால் கொடுக்கலாம். முழுக்கூலியை முன்னே கொடுக்க வேண்டாம்.

ஒரு தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

“இன்று ……… திகதி, ……… ஆகிய நான் ……… அவர்களின் வீட்டில் ……… அடி நீளமும் ……… அடி உயரமும் உள்ள தடுப்புச் சுவரைச் செய்து தர ஒப்புக்கொள்கிறேன். மொத்தக் கூலி ……… ரூபா. பொருள் வீட்டுக்காரருடையது. வேலை ……… திகதி தொடங்கி ……… திகதிக்குள் முடியும். கூலி நான்கு கட்டமாகக் கொடுக்கப்படும். இரண்டு வாரத்துக்குள் வெடிப்போ ஆட்டமோ கண்டால் மேலதிகக் கூலி இல்லாமல் திருத்துவேன்.”

இருவரும் கையொப்பமிட்டு, அயலவர் ஒருவரைச் சாட்சியாக வைத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயங்கினால் எங்கள் கள உத்தியோகத்தர் எழுதித் தருவார். பாஸைச் சந்தேகப்படுவதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தனக்குக் கூலி கிடைக்கும் என்பதற்கு அவருக்கும் இதுவே ஆதாரம்.

பலகை மூடுவதற்கு முன் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். சட்டத்தைக் கையால் தள்ளினால் ஆடுகிறதா? தூக்குக்குண்டு நேராக நிற்கிறதா? வயர் தகரத்தின் கூர் விளிம்பில் உரசாமல் குழாய்க்குள் போகிறதா? மூடிய பிறகு இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதல் பங்குக் கூலியைக் கொடுக்கும் நேரமே நீங்கள் பார்க்க வேண்டிய நேரம்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் முதியோருக்கும்

வீட்டில் ஆண் துணை இல்லை என்பதற்காகப் பாஸ் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கேள்விகளை யாரும் கேட்கலாம். விலை பேசும்போதும் பணம் கொடுக்கும்போதும் அயலவர் ஒருவரையோ மாதர் சங்கத்தில் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலகை பூட்டுவது இரண்டு பேர் வேலை. ஒரே லயனில் கைமாற்றாகச் செய்யலாம். இந்த ஞாயிறு உங்கள் வீடு, அடுத்த ஞாயிறு அவர்கள் வீடு. வேலை செய்ய முடியாத முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இந்தச் சுமை வரக்கூடாது. அப்படிப்பட்டவர் உங்கள் லயனில் இருந்தால் கள உத்தியோகத்தரிடம் பெயரைச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி பாவிப்பவர் வீட்டில் தடுப்பின் வாசல் 3 அடி அகலம் இருக்க வேண்டும்; இதைச் சட்டம் நிறுத்தும் முன்பே பாஸிடம் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை

நிலத்தைப் பற்றி எழுத்தில் பதில் கிடைத்ததா? தோட்டத்துக்குக் கடிதம் கொடுத்தாயிற்றா? சுவர் காய்ந்ததா? மின்சாரத்தைப் பார்த்தாயிற்றா? நான்குக்கும் “ஆம்” என்றால் வேலையைத் தொடங்கலாம். ஒன்றுக்கு “இல்லை” என்றாலும் பலகைக் காசை வங்கியில் விட்டு வையுங்கள். சுவர் ஒரு மாதம் பிந்தினால் அசௌகரியம்தான். தவறான இடத்தில் தவறான முறையில் எழுந்த சுவருக்குப் போட்ட காசு திரும்பாது. அடுத்த உதவித்தொகை எப்போது வரும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. பிழைத்தால் திருத்தக்கூடியதை நீங்கள் செய்யுங்கள். பிழைக்கக் கூடாததைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டிலும் பார்க்கும் கண்ணும் பணம் கொடுக்கும் கையும் உங்களுடையதாக இருக்கட்டும்.